ஏழாம் நம்பர் நாற்காலி

செப்டம்பர் 4

அன்புள்ள ஏழாம் நம்பருக்கு,

நான் நலம். உன் முட்டி நலமா? கட்டைப் பிரித்துவிட்டார்களா? இப்போது எவ்வளவு மடக்க முடிகிறது? உன் அண்ணி நர்ஸ்தானே, அளந்து சொல்லச் சொல். "தேவலை", "பரவாயில்லை" என்று எழுதினால் எனக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. டிகிரிக் கணக்கு வேண்டும்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் உன் அண்ணன் வீட்டுப் போன் கூடத்தின் நடுவில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் உன்னிடம் ஒன்று கேட்டால் பின்னாலிருந்து உன் அண்ணன் பதில் சொல்கிறார். அதனால் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நம் டெப்போ பாஸ்கெட்பால் டீமுக்கு லீக் சீசன் அடுத்த வாரம் தொடங்குகிறது. நிலவரத்தைச் சொல்கிறேன். கேப்டன் மின்னல் எப்போதும்போல ஓடுகிறாள். ஓடுகிற பஸ்ஸைத் துரத்திப் பிடித்து டிக்கெட் பரிசோதிக்கிறவள், அவளுக்கு ஓட்டம் ஒரு குறையில்லை. ஓடி வந்து பந்தை யாரிடம் கொடுப்பாள், அதுதான் கேள்வி. கேஷ் பிரிவு இரட்டையர் போன வருஷம் மாதிரியே ஆட்டத்தின் நடுவில் வீட்டுச் சண்டையைத் தொடர்கிறார்கள். மற்றவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உன் தோளுக்குப் பின்னால் நின்று ஆடிப் பழகியவர்கள், இப்போது தோளைக் காணாமல் முழிக்கிறார்கள்.

பார்சல் பிரிவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். உன்னைவிட இரண்டு விரல் உயரம். வந்த அன்றே எல்லோரும் 'ஏணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பந்தைப் பார்சலைப் பிடிப்பது மாதிரி மார்போடு அணைத்துப் பிடிக்கிறாள். மைதானத்துச் சுவரில் குதித்துத் தொடச் சொன்னேன். நீ குதித்துத் தொட்ட இடத்தில் நான் போட்ட சாக்பீஸ் கோடு இன்னும் இருக்கிறதே, அதற்கு நாலு விரல் கீழேதான் அவள் கை எட்டியது. பெயின்ட் அடிக்க வந்தவனிடம் அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

லீக்கில் பத்துப் பேர்தான் பதிவு செய்யலாம் என்பது உனக்குத் தெரியும். பத்தில் ஒன்றாக உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். ஏணி இப்போதைக்குப் பயிற்சிக்கு மட்டும் வரட்டும். அக்டோபர் கடைசி வரை ஒரு பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். அது நமக்குத் தேவைப்படாது. அதற்குள் நீ வந்துவிடுவாய். அதுவரை தாக்குப்பிடித்தால் போதும்.

வழக்கம்போலச் சாப்பாட்டு மேஜையில் டம்ளர்களை வைத்து ஆடிப் பார்த்தேன். நாலு டம்ளர், உன் இடத்துக்குத் தண்ணீர் ஜக். ஜக்கை எடுத்துவிட்டு ஒரு தரம் ஆடிப் பார்த்தேன். ஒன்றும் ஓடவில்லை. மறுபடி வைத்துவிட்டேன்.

உன் கோச்


செப்டம்பர் 11

அன்புள்ள கோச்சுக்கு,

கடிதம் கிடைத்தது. கனமாக இருந்ததால் அண்ணி ஆசையாக எடுத்து வந்து கொடுத்தார். நான் படித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்றிருந்துவிட்டு, "என்னம்மா, உன் வீட்டுக்காரர் லெட்டர் போட்டிருக்காரா, ரிப்போர்ட் போட்டிருக்காரா?" என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன்.

தொண்ணூறு டிகிரி. போதுமா? கட்டைப் பிரித்தாயிற்று. கால் பார்க்க என் கால் மாதிரியே இல்லை, குச்சியாக இளைத்துப் போய்விட்டது. திங்கட்கிழமை யார் துணையும் இல்லாமல் குளியலறைக்குப் போய் வந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன், சந்தோஷத்தில்தான். கோப்பை வாங்கியபோதுகூட நான் அப்படி அழுததில்லை.

நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள், யார் சமைக்கிறார்கள், நாலாவது மாடிக்குத் தண்ணீர் ஒழுங்காக ஏறுகிறதா, பழுப்புச் சட்டையில் பட்டன் போயிருந்ததே தைத்தீர்களா, ஒன்றும் எழுதவில்லை. இரட்டையர் சண்டை போடுவது தெரிகிறது. என் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். நடக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாகப் படி ஏறலாம் என்றார். குதிக்கலாமா என்று கேட்டேன். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டே, "பாக்கலாம்மா" என்றார். டாக்டருங்க பேனாவ மூடிக்கிட்டு சொல்றத நம்பாதே என்று வெளியே வந்ததும் அண்ணி சொன்னார். இருபது வருஷமாக டாக்டர்களைப் பார்க்கிறவர்.

அதனால் நான் சொல்வதைக் கேளுங்கள். பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டு ஏணியைப் போடுங்கள். பார்சலைப் பிடிப்பது மாதிரி பந்தைப் பிடிக்கிறாள் என்றால் நல்லதுதானே. பார்சல்காரப் பெண் கையில் பிடித்ததைக் கீழே விடமாட்டாள்.

அண்ணன் உங்களைக் கேட்டதாகச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வரக் கூடாதா? ஆபரேஷனுக்கு வந்தவர், அதற்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை.

உங்கள் ஏழாம் நம்பர்
(வீட்டில் எனக்கு வேறு பெயரும் உண்டு. நினைவிருக்கிறதா?)


அக்டோபர் 2

அன்புள்ள ஏழாம் நம்பருக்கு,

மூன்று மேட்ச், மூன்றும் போச்சு.

முதல் மேட்ச்சில் நடந்ததைக் கேள். வளையத்துக்கு இடது பக்கம் நீ நிற்கிற இடம் இருக்கிறதே, மின்னல் ஓடி வந்தாள், பார்க்காமலே அங்கே பாஸ் போட்டாள். அங்கே யாரும் இல்லை. பந்து நேராக வெளியே போய் ஸ்கோர் எழுதுகிறவருடைய டீ கிளாஸ் மேல் விழுந்தது. ஒரு தரம் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். அன்றைக்கு மட்டும் ஐந்து தரம். ஐந்தாவது தரம் அவர் கிளாஸைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். டைம்-அவுட்டில் மின்னலைப் பிடித்துக் கத்தினேன். "அக்கா அங்கதான் சார் இருப்பாங்க. கை தானா போகுது" என்றாள். நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, மூன்றாவது மேட்ச்சுகளில் அந்த இடத்தில் இரட்டையரில் பெரியவளை நிறுத்தினேன். அவள் நிற்கிறாள், ஆனால் யாரும் அவளுக்குப் பந்து தருவதில்லை. அந்த இடம் காலியாக இருப்பதாகவே எல்லோரும் ஆடுகிறார்கள்.

பெஞ்ச் ஓரத்தில் உனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். ஏழாம் நம்பர் ஜெர்சியை மடித்து அதன் முதுகில் போட்டு வைக்கிறேன். பிள்ளைகளுக்கு ஒரு தைரியம் இருக்கட்டும் என்றுதான். ஏணி தெரியாமல் போய் அதில் உட்காரப் பார்த்தாள். நான் பார்த்தேன், அவ்வளவுதான். எழுந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

பெயரை அடிக்கிற பேச்சே வேண்டாம். தொண்ணூறு டிகிரி வந்தவளுக்கு நூற்று இருபது வர எத்தனை நாள் ஆகும்? துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அழுத்துகிற பயிற்சியைக் காலையும் மாலையும் செய். அண்ணி திட்டினாலும் செய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்ச் இருக்கிறது. எப்படி வருவது?

உன் கோச்

பழுப்புச் சட்டையைத் தைக்கவில்லை. வெள்ளையைப் போட்டுக்கொள்கிறேன்.


அக்டோபர் 9

அன்புள்ள கோச்சுக்கு,

டீ கிளாஸ் கதையைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அண்ணனுக்கும் படித்துக் காட்டினேன். பிறகு ஏணி தரையில் உட்கார்ந்த இடம் வந்ததும் மேலே படிக்க முடியவில்லை. அந்தப் பெண் உங்களுக்கு என்ன செய்தாள்?

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். நேற்று டாக்டரைப் பார்த்தோம். இந்த முறை பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னார். நான் இனிமேல் ஆட முடியாது. இந்த சீசன் இல்லை, அடுத்ததும் இல்லை, எப்போதுமே இல்லை. ஒரு தரம் தவறாகக் குதித்து இறங்கினால் நடப்பதும் போய்விடும் என்றார். "நடக்கறது வேணுமா, குதிக்கறது வேணுமா?" என்று கேட்டார். கடையில் கேட்பது மாதிரி கேட்டார். நான் நடப்பது என்றேன்.

வீட்டுக்கு வந்து சாயங்காலம் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. பதினாறு வயதிலிருந்து எந்தக் கூட்டத்தில் போய் நின்றாலும் "யாரு இந்தப் பொண்ணு, இவ்வளவு உயரம்" என்றுதான் முதலில் கேட்பார்கள். "பாஸ்கெட்பால் பிளேயர்" என்றால் ஓ என்று ஒதுங்கி வழி விடுவார்கள். இனிமேல் என்ன சொல்வது என்று யோசித்தேன். வெறும் உயரமான பெண்.

நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேறு ஒன்றும் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

பெயரை அடித்துவிடுங்கள்.

உங்கள் ஏழு


அக்டோபர் 14

அன்புள்ள ஏழாம் நம்பருக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு யோசித்தேன். அவர் எலும்பு டாக்டர், விளையாட்டுக்காரர்களைப் பார்த்துப் பழகியவர் இல்லை. டெப்போவில் எங்கள் டயர் ஸ்டோருக்கு வருகிற டிரைவர் ஒருவர், அவருடைய மைத்துனன் ஃபுட்பால் ஆடுகிறவன், அவனுக்கும் இதே முட்டிதான், இதே ஆபரேஷன்தான். ஒரு வருஷத்தில் ஆட வந்துவிட்டானாம். அவனைப் பார்த்த டாக்டரின் விலாசத்தை வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். உன் எக்ஸ்ரே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அண்ணனோடு போய்ப் பார்.

டாக்டர்கள் தங்கள் பாதுகாப்புக்காக அப்படித்தான் பயமுறுத்துவார்கள். மனதைத் தளர விடாதே. நீ எத்தனை மேட்ச்சில் தோற்கிற நிலையிலிருந்து எழுந்து வந்திருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மேட்ச்சில் ஜெயித்தோம், இரண்டே புள்ளியில். உன் இடத்தைச் சும்மா விட்டுவிட்டு ஐந்து பேரும் வெளியிலிருந்தே எறிந்தார்கள். அதிர்ஷ்டம். இப்படி ஓட்ட முடியாது. கடைசி இடத்தில் முடித்தால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அப்புறம் டெப்போவில் நாலு மணிக்கே பயிற்சிக்கு விடுகிற சலுகையும் போய்விடும், டீமும் போய்விடும். உன் கையில்தான் இருக்கிறது.

உன் கோச்


அக்டோபர் 20

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இந்தக் கடிதத்தைக் கோச்சுக்கு எழுதவில்லை. அவர் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் வெளியே போகச் சொல்லிவிட்டுப் படியுங்கள்.

டிரைவருடைய மைத்துனனின் டாக்டரை நான் பார்க்கப் போவதில்லை. அந்த விலாசத்தை அண்ணி வாங்கிப் பார்த்தார், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஏம்மா, ஒரு வார்த்த, கஷ்டமா இருக்குன்னு ஒரு வார்த்த எழுதியிருக்காரா பாரு" என்றார். இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு தரம் புரட்டிப் பார்த்தேன்.

நீங்கள் ஒற்றைக் காலில் நிற்கிறீர்கள். நிஜமாக ஒற்றைக் காலில் நிற்பது நான், பிடிவாதம் மட்டும் உங்களுடையது. கல்லுளிமங்கன் என்று உங்களை இரட்டையர் சொல்லும்போது அவர்களைக் கண்டித்திருக்கிறேன். இனிமேல் கண்டிக்க மாட்டேன்.

நமக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். இந்த ஒன்பது வருஷத்தில் சாப்பாட்டு மேஜையில் நாம் பேசியதெல்லாம் டம்ளரும் ஜக்கும்தான். எனக்கு அது பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பிடித்துத்தான் இருந்தது. குழந்தையைப் பற்றிப் பேச்சு எழுந்த போதெல்லாம் இந்த சீசன் முடியட்டும் என்றீர்கள். நானும் சரி என்றேன், எனக்கும் ஆடத்தான் ஆசை. அதில் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் இப்போது ஜக் உடைந்துவிட்டது. மேஜைக்கு இந்தப் பக்கம் நான் யாராக உட்காருவது?

மின்வாரியத்து டீம் என்னைக் கூப்பிட்ட வருஷம், சைக்கிள் ஸ்டாண்டில் வந்து நின்றீர்கள். "அடுத்த சீசன் வேற டீமுக்குப் போயிடுவியா?" என்றீர்கள். தெரியாது என்றேன். சைக்கிள் மணியை இரண்டு தரம் அடித்துவிட்டு, "கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றீர்கள். டிரான்ஸ்ஃபர நிறுத்தறதுக்காகவே சார் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு என்று டீம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள். ஒன்பது வருஷமாக நானும் கூடச் சிரித்திருக்கிறேன். இப்போது கேட்கிறேன். அது கேலியா, நிஜமா?

இதற்கு வாயால் பதில் வேண்டாம், உங்களுக்கு வராது. இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைதான் பட்டியல் மாற்றக் கடைசி நாள். லீக் ஆபீசுக்குப் போய் என் பெயரை அடித்துவிட்டு வாருங்கள். வந்து எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பட்டியலில் இல்லாத ஒருத்திக்கு நீங்கள் எழுதுகிற முதல் கடிதமாக இருக்கட்டும். அது வந்தால் எனக்குப் போதும்.

உங்கள் மனைவி


நவம்பர் 3

அன்புள்ள ஏழாம் நம்பருக்கு,

வெள்ளிக்கிழமை லீக் ஆபீசுக்குப் போனேன். பொய் சொல்லவில்லை, போனேன். ஏணியையும் கூட்டிக்கொண்டு போனேன். கிளார்க் பட்டியலை எடுத்து மேஜைமேல் வைத்து, "எந்தப் பேரு சார்?" என்றார். சிவப்புப் பேனாவைத் திறந்து பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வாய் வரை வந்துவிட்டது. உன் பெயருக்குப் பக்கத்தில் ஏழு என்று என் கையெழுத்தில் இருந்தது. ஒன்றுமில்லை, சும்மா பார்க்க வந்தோம் என்றேன். திரும்பும்போது பஸ்ஸில் ஏணி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாள். இறங்கும் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இரட்டையருக்குச் சேர்ந்தாற்போல் காய்ச்சல். ஏழு பேர்தான் இருந்தோம். உன் இடத்தை எதிர் டீமின் சென்டர் சொந்த வீடு மாதிரி எடுத்துக்கொண்டாள். அவளைத் தடுக்கப் போய் இரண்டு பேர் ஐந்து ஐந்து ஃபவுல் வாங்கி வெளியே வந்துவிட்டார்கள். கடைசிக் கட்டத்தில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. மைதானத்தில் நாலு பேர். ரெஃபரி என்னிடம் வந்து, "சார், ஆள் அனுப்புங்க" என்றார். பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். பட்டியலில் இருக்கிற உன் நாற்காலி இருந்தது, ஜெர்சி இருந்தது. பட்டியலில் இல்லாத ஏணி தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு. எதற்குக் கட்டினாள் என்று தெரியவில்லை.

நாலு பேரோடு ஆடி முடித்தோம். எத்தனை புள்ளியில் தோற்றோம் என்று எழுத மாட்டேன். கூட்டத்தில் யாரோ, "நாற்காலிய எறக்குங்கடா" என்று கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

மேட்ச் முடிந்ததும் மின்னல் வந்தாள். கோபமாகக்கூடப் பேசவில்லை. "சார், அக்காவ நாங்க யாரும் மறக்கல. அந்த நாற்காலிய மட்டும் எடுத்துடுங்க. நாங்க இருக்கறது உங்க கண்ணுக்கே தெரியமாட்டேங்குது" என்றாள்.

உன் பெயரை அடித்தால் நீ போய்விடுவாய் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவ்வளவுதான். வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

உன்
கோச்


நவம்பர் 10

அன்புள்ளவருக்கு,

டெப்போ மேலாளருக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். இந்த ஊர் டெப்போவில் டிக்கெட் கவுன்டரில் இடம் இருக்கிறது. அண்ணன் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம், படி இல்லை. உங்கள் காதுக்கு வேறு யார் மூலமாகவும் வருவதற்கு முன்னால் நானே சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

கோபத்தில் செய்யவில்லை. கோபம் இருந்திருந்தால் நீளமாக எழுதியிருப்பேன்.

என் பச்சைப் பெட்டியில் இருக்கிற உடுப்புகளை மட்டும் யாராவது வரும்போது கொடுத்து அனுப்புங்கள். ஜெர்சி வேண்டாம்.


நவம்பர் 29

அன்புள்ள

(எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் விட்டிருக்கிறேன். ஏழாம் நம்பர் என்று எழுதக் கூடாது என்பது மட்டும் தெரிகிறது. வீட்டில் உன்னைக் கூப்பிடுகிற பெயரைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன், கூச்சமாக இருந்தது.)

நேற்று சீசன் முடிந்தது. கீழே இறங்கிவிட்டோம். பந்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் இவ்வளவுதான்.

பச்சைப் பெட்டியை எடுக்கக் கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். எதை வைப்பது என்று திறந்து பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இதில் உனக்குப் பிடித்தது எது, எதை வெளியே போக உடுத்துவாய், எதை வீட்டில் உடுத்துவாய்? நீ இடது பக்கம் எத்தனை வேகத்தில் திரும்புவாய் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இது தெரியவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது, துணிப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன் என்று உன் அண்ணனிடம் சொல்லிவிடாதே. கடைசியில் எதையும் எடுக்காமல் மூடிவிட்டேன். பெட்டியைக் கொடுத்து அனுப்ப எனக்கு இஷ்டமில்லை.

வீட்டை மாற்றிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்ததற்குத் திட்டு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. டெப்போவுக்குப் பின் தெரு, தரைத்தளம். வாசலில் ஒரே ஒரு படி, அதையும் சிமென்ட் போட்டுச் சரிவாக்கிவிட்டேன். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பதித்திருக்கிறேன். எந்த உயரத்தில் என்று கொத்தனார் கேட்டார். பார்சல் பிரிவு ஏணியைக் கூட்டி வந்து நிற்கச் சொல்லி, அவள் முழங்கையிலிருந்து ஒரு விரல் இறக்கிக் குறித்தேன். அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். "பரவால்ல சார், அக்கா வரட்டும்" என்றாள். எனக்குக் கிடைக்க வேண்டிய பதில் அது இல்லை, ஆனாலும் சொன்னாள்.

சமையலறை சின்னது. சாப்பாட்டு மேஜை உள்ளே நுழையவில்லை. கதவைக் கழற்றியும் பார்த்தோம், நுழையவில்லை. பழைய வீட்டிலேயே விட்டுவிட்டேன். இப்போது தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். நீ வந்தால் உனக்குத் தரையில் உட்கார வராது, ஒரு நாற்காலி வாங்க வேண்டும். புதிது வாங்கலாம். அந்தப் பழைய நாற்காலியை மைதானத்துக் காவல்காரருக்குக் கொடுத்துவிட்டேன்.

நீ கேட்ட கேள்விக்கு வாயால் பதில் வேண்டாம் என்றாய். கையால் எழுதுகிறேன். அன்றைக்கு வேறு டீமுக்குப் போயிடுவியா என்றுதான் கேட்க வந்தது. வேறு டீமுக்குப் போ, எங்கே வேண்டுமானாலும் போ, சாயங்காலம் என் வீட்டுக்கு வந்துவிடு என்று கேட்டிருக்க வேண்டும். அதைத்தான் கேட்கிறேன், இப்போது.

பின்புறம் சின்னதாக ஒரு முற்றம் இருக்கிறது. அங்கே உயரமாக ஒரு சுவர். ஒரு வளையம் மாட்டலாம் என்று என் கை துறுதுறுத்தது, மறைக்க மாட்டேன். ஆணிகூட வாங்கிவிட்டேன். மாட்டவில்லை. உன்னைக் கேட்டுவிட்டு என்று வைத்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்


டிசம்பர் 8

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

மாற்றல் உத்தரவும் உங்கள் கடிதமும் ஒரே தபாலில் வந்தன. உத்தரவைத்தான் முதலில் பிரித்தேன். கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்று இருந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சரி, இதையும் பார்த்துவிடுவோம் என்று உங்கள் கடிதத்தை எடுத்தேன். இரண்டு தரம் படித்தேன். அண்ணி எட்டிப் பார்த்து, "என்ன, ரிப்போர்ட்டா?" என்றார். இல்லை அண்ணி, லெட்டர் என்றேன். அவர் வேறொன்றும் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

பேனாவை மூடிக்கொண்டு சொல்வதை நம்பக் கூடாது. அதனால் திறந்த பேனாவோடு எழுதுகிறேன். வருகிறேன். உத்தரவைத் திருப்பி அனுப்பிவிட்டேன். சந்தோஷத்தில் பொங்கிக்கொண்டு வரவில்லை, பயந்துகொண்டுதான் வருகிறேன். உங்களை எனக்குத் தெரியும். நாலு நாள் நன்றாக இருப்பீர்கள், ஐந்தாம் நாள் என் முட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவீர்கள். விட்டால் கேட்டுவிடுவேன், இந்த முறை கடிதத்தில் கேட்க மாட்டேன். எனக்கும் பெருமூச்சு வரும். பந்துச் சத்தம் கேட்டால் இப்போதுகூட என் கால் தானாக எழுந்துகொள்ளப் பார்க்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சீசன் கீழ்ப் பிரிவில் ஆடுவீர்கள். முதல் மேட்ச்சுக்கு வருவேன். டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு உட்காருவேன், பெஞ்சில் அல்ல. ஏழாம் நம்பர் ஜெர்சியைத் துவைத்து ஏணியிடம் கொடுங்கள். நீங்கள் கொடுக்க வேண்டாம், உங்களுக்குக் கை வராது. மின்னலிடம் கொடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பெண் ஷூ நாடாவை எதற்குக் கட்டினாள் என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தது.

பச்சைப் பெட்டியில் மேலாக இருக்கிற ஊதா எனக்குப் பிடித்தது. வெளியே போகும்போது உடுத்துவது. மற்றதெல்லாம் வீட்டுக்கு.

பின்சுவரில் வளையம் மாட்ட வேண்டாம். வாங்கிய ஆணியை அடித்து அங்கே துணி காயப்போட ஒரு கொடி கட்டுங்கள். நான் குதித்தால் என் கை எந்த உயரத்துக்கு எட்டும் என்று உங்களுக்குத் தெரியும், சுவரில் கோடு போட்டு வைத்திருந்தீர்கள். குதிக்காமல் எட்டுகிற உயரத்தில் கட்டுங்கள். அது எவ்வளவு என்று தெரியாவிட்டால் கட்டாமல் வையுங்கள். நான் வந்து சுவரோரம் நிற்கிறேன், அளந்துகொள்ளலாம்.

உங்கள்,
வீட்டில் கூப்பிடுகிற பெயர்